படைக்குப் படியளந்தவர்கள்

சரித்திர நாவல்களில் படை கிளம்பும். முரசு அதிரும், புழுதி வானத்தை மறைக்கும். பத்தாயிரம் பேர், ஐம்பதாயிரம் பேர், சில ஆசிரியர்கள் தாராளமாக லட்சம் பேரைக்கூட அனுப்பிவைப்பார்கள். அடுத்த அத்தியாயத்தில் அத்தனை பேரும் எதிரிக் கோட்டையின் வாசலில் நிற்பார்கள். நடுவில் எத்தனை நாள் நடந்தார்கள்? அன்றன்றைக்கு அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியது யார்? தானியம் எங்கிருந்து வந்தது? வண்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டது யார்? படிக்கும்போது இந்தச் சந்தேகம் நம்மில் பலருக்கு வந்திருக்கும். கதைக்குள் அதற்குப் பதில் இருக்காது.

பதில் தேடுவதற்கு 18-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கா நல்ல இடம். 1775-லிருந்து 1783 வரை பதின்மூன்று காலனிகள் சேர்ந்து பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டன. படையே புதிது. அதற்குச் சோறு போடும் வழங்கல் துறையும் புதிது. எட்டே ஆண்டுகளில் அந்தத் துறையை ஐந்து விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஆளை எப்படி அமர்த்துவது, எப்படிச் சம்பளம் கொடுப்பது, யாரிடம் அதிகாரத்தை விடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில். அந்தப் பதில்களின் விளைவு சிப்பாயின் வயிற்றில் தெரிந்தது.

களஞ்சியம் நிறைந்த ஊரில் பட்டினி

1777 டிசம்பர் 19. ஜார்ஜ் வாஷிங்டனின் படை பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் குளிர்கால முகாம் போட்டது. பிரிட்டிஷ் படை கைப்பற்றியிருந்த பிலடெல்பியா நகரம் அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நான்கே நாளில், டிசம்பர் 23 அன்று, வாஷிங்டன் ஒரு கடிதம் எழுதினார். நிலைமை உடனே மாறாவிட்டால் இந்தப் படை பட்டினியில் சாகும், அல்லது கலையும், அல்லது உணவு தேடிச் சிதறும் என்பது அதன் சாரம். செருப்பும் துணியும் இல்லாததால் மட்டும் 2,898 பேர் பணிக்கு லாயக்கற்றுக் கிடக்கிறார்கள் என்றும் கணக்குக் கொடுத்தார். வசந்தம் வருவதற்குள் அந்த முகாமில் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நோய்ச் சாவு. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் இளைத்த உடம்புகளை எளிதாகக் கொண்டுபோயின.

வியப்பு என்னவென்றால், பென்சில்வேனியா பஞ்சப் பிரதேசம் கிடையாது. போருக்கு முன்பு கோதுமை மாவைக் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய மண் அது. விளைச்சல் பொய்க்கவில்லை. பண்ணை வீடுகளில் தானியம் இருந்தது, தொழுவத்தில் மாடு இருந்தது. முகாமில்தான் ஒன்றும் இல்லை. பண்ணைக்கும் முகாமுக்கும் நடுவில் என்ன அறுந்துபோனது?

ஒரு சிப்பாயின் ஒரு நாள்

முதலில் தேவையைப் பார்ப்போம். காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய பேரவை 1775 நவம்பரில் சிப்பாய்க்கான படியை நிர்ணயித்தது. நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, அல்லது முக்கால் பவுண்டு பன்றி இறைச்சி, அல்லது ஒரு பவுண்டு உப்பு மீன். ஒரு பவுண்டு மாவு அல்லது ரொட்டி. ஒரு பைன்ட் பால். வாரத்துக்கு மூன்று பைன்ட் பட்டாணி அல்லது பீன்ஸ். இது போக அரைப் பைன்ட் அரிசி, குடிக்க ஆப்பிள் மது, மெழுகுவத்தி, சோப்பு. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். காகிதத்தில் பார்த்தால் அக்கால உழைப்பாளி ஒருவர் பொறாமைப்படும் சாப்பாடு. நடைமுறையில் பாலும் பட்டாணியும் அபூர்வம். மாவும் இறைச்சியும் வந்தாலே அதிர்ஷ்டம்.

இதைப் பத்தாயிரம் பேரால் பெருக்குவோம். தினமும் 10,000 பவுண்டு மாவு. அப்போது மாவு 196 பவுண்டு பிடிக்கும் மரப்பீப்பாயில் வந்தது. அப்படியானால் நாளுக்கு 51 பீப்பாய், மாதத்துக்கு 1,500-க்கும் மேல். ஒரு மாட்டில் 400 பவுண்டு இறைச்சி தேறும் என்று வைத்துக்கொண்டால் தினமும் 25 மாடு, மாதத்துக்கு 750. மாட்டுக்கு ஒரு வசதி உண்டு: தன் காலிலேயே நடந்து வந்துவிடும். கனெக்டிகட்டிலிருந்து பென்சில்வேனியா வரை மந்தைகளை ஓட்டி வந்தார்கள். மாவுக்குக் கால் இல்லை. அதற்கு வண்டி வேண்டும்.

சரக்கைத் தின்னும் வண்டி

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்க்கப்போகிறோம். எண்களை வசதிக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு குதிரை பூட்டிய வண்டி ஒன்று 2,000 பவுண்டு சுமக்கிறது. நாளுக்கு 20 கிலோமீட்டர் போகிறது. ஒரு குதிரைக்கு நாளுக்கு 20 பவுண்டு தீனி. நான்குக்கும் சேர்த்து 80 பவுண்டு. குளிர்காலம், சாலையோரத்தில் புல் கிடையாது. ஆகவே தீனியையும் வண்டியிலேயே ஏற்ற வேண்டும்.

மாவு ஆலை 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போக ஐந்து நாள், திரும்ப ஐந்து நாள். பத்து நாளுக்கு 800 பவுண்டு தீனி. மீதி 1,200 பவுண்டுதான் முகாமில் இறங்கும்.

ஆலை 200 கிலோமீட்டரில் இருந்தால்? இருபது நாள், 1,600 பவுண்டு தீனி. முகாமுக்கு வருவது 400 பவுண்டு.

250 கிலோமீட்டர் என்றால் போகப் பன்னிரண்டரை நாள், வரப் பன்னிரண்டரை நாள். 2,000 பவுண்டும் தீனிக்கே சரி. வண்டி வரும், போகும், சிப்பாய்க்கு ஒரு பிடி மாவு மிஞ்சாது. உலகத்து மாவெல்லாம் 250 கிலோமீட்டருக்கு அப்பால் குவிந்திருந்தாலும் இந்தப் படைக்கு அது இல்லாததற்குச் சமம்.

இப்போது 100 கிலோமீட்டர் ஆலைக்கே திரும்புவோம். தினமும் 10,000 பவுண்டு இறங்க வேண்டும் என்றால், வண்டிக்கு 1,200 வீதம், நாளுக்கு எட்டு ஒன்பது வண்டி வர வேண்டும். ஒவ்வொரு வண்டியும் பத்து நாள் சாலையிலேயே இருக்கிறது. ஆக மொத்தம் 84 வண்டி, 336 குதிரை. மாவுக்கு மட்டும் இது.

ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். சாலையில் இருபது கிலோமீட்டருக்கு ஒரு தீனிக் கிடங்கு வைக்கிறோம். உள்ளூர்க் குடியானவர்களிடம் வைக்கோலும் ஓட்ஸும் வாங்கி அங்கேயே அடுக்கி வைக்கிறோம். வண்டி முழுக்க மாவு ஏற்றலாம். நாளுக்கு ஐந்து வண்டி போதும். மொத்தம் 50 வண்டி, 200 குதிரை. அதே சாலை, அதே மாவு. 34 வண்டியும் 136 குதிரையும் மிச்சம்.

அந்த மிச்சத்தை யார் உண்டாக்கியது? தீனிக் கிடங்குகளில் உட்கார்ந்திருக்கும் சில ஆட்கள். வைக்கோலைப் பருவத்தில் வாங்கி, நனையாமல் காத்து, வந்த வண்டிக்கு அளந்து கொடுத்து, கணக்கு எழுதும் ஆட்கள். நல்ல ஆள் ஒருவரைச் சரியான இடத்தில் அமர்த்துவது பல குதிரைகளை வாங்குவதற்குச் சமம். வழங்கல் துறையின் அறிவியல் இங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை கை, எத்தனை வாய்ப்பு

அமெரிக்கப் படையில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. சோறு வாங்குவது ‘கமிசரி’ துறை. வண்டி, குதிரை, தீனி, கூடாரம், சாலை, முகாமுக்கு இடம் பார்ப்பது எல்லாம் ‘குவார்ட்டர்மாஸ்டர்’ துறை. இரண்டுக்கும் தலைவர், துணைத் தலைவர்கள், உதவியாளர்கள். அவர்களுக்குக் கீழே வண்டித் தலைவர்கள், தீனி அதிகாரிகள், கிடங்குக்காரர்கள், கணக்கர்கள், மாடு ஓட்டுபவர்கள், கசாப்புக்காரர்கள், பீப்பாய் செய்பவர்கள், ரொட்டி சுடுபவர்கள். 1780 வாக்கில் குவார்ட்டர்மாஸ்டர் துறையில் மட்டும் ஏறக்குறைய 3,000 பேர் இருந்தார்கள்.

ஒவ்வொரு கையிலும் சரக்கு மாறும்போது கொஞ்சம் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதற்கு ரொட்டிக் கதை ஒன்று இருக்கிறது. 1777-ல் பேரவை கிறிஸ்டபர் லுட்விக் என்பவரைப் படையின் ரொட்டித் துறைக்குத் தலைவராக்கியது. ஜெர்மனியில் பிறந்து பிலடெல்பியாவில் இஞ்சி ரொட்டி சுட்டு விற்றுப் பணம் சேர்த்தவர். 100 பவுண்டு மாவு தருகிறோம், 100 பவுண்டு ரொட்டி கொடுங்கள் என்றார்கள். லுட்விக் மறுத்துவிட்டு, 135 பவுண்டு ரொட்டி தருவதாகச் சொன்னார். மாவு பிசையும்போது தண்ணீர் சேர்வதால் எடை கூடுகிறது. முன்பிருந்தவர்கள் எடைக்கு எடை ரொட்டியைக் கொடுத்துவிட்டு மிஞ்சிய மாவைத் தங்கள் பங்காக்கிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு தவறும் இருக்காது. அடுப்படி ரகசியம் தெரிந்தவர் சொன்னால்தான் மேலே இருப்பவருக்குத் தெரியும்.

பொருளியல் இதை ஒரு பெரிய பாடமாகவே வைத்திருக்கிறது. தமிழில் ‘ஏவுவோர்–செய்வோர் சிக்கல்’ என்று சொல்லலாம். ஏவுகிறவர் தொலைவில் இருக்கிறார். செய்கிறவருக்குக் களத்து நிலவரம் தெரியும், ஏவுகிறவருக்குத் தெரியாது. செய்கிறவரின் ஆதாயமும் ஏவுகிறவரின் ஆதாயமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அவரைக் கட்டிப்போடுவதா, நம்பி விடுவதா? லுட்விக் மாதிரி ஆள் ஊருக்கு ஒருவர் கிடைத்தால் கேள்வியே எழாது. கிடைக்காத ஊர்களுக்குத்தான் முறை வேண்டியிருக்கிறது.

மாட்டின் நிறம் என்ன?

முதல் முறை எளிமையானது. 1775 ஜூலையில் கனெக்டிகட் வணிகர் ஜோசப் டிரம்புல் கமிசரி தலைவரானார். மாதச் சம்பளம் 80 டாலர். தனக்குப் பழக்கமான வணிகர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாங்கினார். பாஸ்டனைச் சுற்றிப் படை நின்றவரை, தன் சொந்த மாநிலம் அருகில் இருந்ததால், வேலை ஓடியது. போர் தெற்கே நகர்ந்ததும் முறைகேட்டுப் புகார்கள் வந்தன.

பேரவை பயந்துவிட்டது. 1777 ஜூன் 10 அன்று நீண்ட விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. இது இரண்டாவது முறை. கொள்முதல் செய்பவர் வேறு, பட்டுவாடா செய்பவர் வேறு என்று துறையை உடைத்தது. எல்லோருக்கும் நிலையான சம்பளம், கமிஷன் கிடையாது. வாங்கியது எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலை என்று கட்டம் கட்டி எழுத வேண்டும். மாடு வாங்கினால் அதன் நிறமும் அடையாளமும்கூடப் பேரேட்டில் ஏற வேண்டும். துணை அதிகாரிகளைப் பேரவையே நியமிக்கும். தலைவர் தன் கீழிருப்பவரை வேலையை விட்டு நீக்க முடியாது.

திருட்டைத் தடுக்கும் நோக்கில் பார்த்தால் ஒவ்வொரு விதியும் நியாயமானது. எல்லாம் சேர்ந்தபோது துறை முடங்கியது. டிரம்புல் ஆகஸ்டில் விலகினார். பொறுப்பு முழுக்கத் தன் தலையில், ஆளை நீக்கும் அதிகாரம் வேறிடத்தில் என்றால் வேலை செய்ய முடியாது என்பது அவர் வாதம். அனுபவமுள்ள துணை அதிகாரிகள் பலரும் கிளம்பினார்கள். விலைவாசி ஏறும் காலத்தில் நிலையான சம்பளத்துக்குக் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி மாட்டின் நிறம் எழுத யாருக்குத் தலையெழுத்து? அடுத்து வந்த வில்லியம் புக்கானனால் இடங்களை நிரப்ப முடியவில்லை. குவார்ட்டர்மாஸ்டர் தலைவர் தாமஸ் மிஃப்ளினும் அக்டோபரில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அவருக்குப் பதில் ஆள் வர மார்ச் ஆனது. அதாவது வேலி ஃபோர்ஜ் குளிர்காலம் முழுக்க வண்டித் துறைக்குத் தலைவர் இல்லை.

முகாமில் நடந்ததை இப்போது விளக்கலாம். சந்தைக்கூலியைவிடக் குறைந்த கூலி என்பதால் வண்டிக்காரர்கள் வண்டியை ஒளித்துவைத்தார்கள். கிடைத்த வண்டிகளிலும், உப்புநீரில் ஊறிய பன்றி இறைச்சிப் பீப்பாயைத் துளையிட்டு உப்புநீரைச் சாலையில் வடியவிட்டார்கள் சிலர். சுமை குறையும், குதிரைக்கு இலகு. முகாமில் பீப்பாயைத் திறந்தால் இறைச்சி அழுகியிருக்கும். பேரேட்டின்படி அனுப்பிய பீப்பாய் அத்தனையும் வந்து சேர்ந்திருந்தன. குடியானவர்களோ பிலடெல்பியாவுக்குப் போய் பிரிட்டிஷ் படையிடம் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் விற்றார்கள். அமெரிக்கப் படை நீட்டியது மதிப்பிறங்கிவரும் காகிதப் பணம். 1778 பிப்ரவரியில் படை வேறு வழியின்றிப் பண்ணை பண்ணையாகப் போய் மாட்டையும் தானியத்தையும் பறிமுதல் செய்தது.

நூற்றுக்கு ஒன்று

அந்தப் பறிமுதலை நடத்திய தளபதி நத்தானியேல் கிரீன். ரோட் தீவில் இரும்புப் பட்டறை நடத்திய குடும்பத்தவர். 1778 மார்ச் 2 அன்று அவரையே குவார்ட்டர்மாஸ்டர் தலைவராக்கினார்கள். அவருக்கு மனமில்லை. வரலாற்றில் எந்தக் குவார்ட்டர்மாஸ்டரின் பெயரை யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று வாஷிங்டனிடமே பின்னர் அங்கலாய்த்தார். போர்க்களத்தில் படை நடத்தும் உரிமையை விடமாட்டேன், ஆட்களை நானே தேர்ந்தெடுப்பேன் என்ற நிபந்தனைகளோடு வந்தார்.

மூன்றாவது முறை இதுதான். துறை செலவழிக்கும் பணத்தில் நூற்றுக்கு ஒன்று கமிஷன். அதைக் கிரீனும் அவருடைய இரு உதவியாளர்கள் ஜான் காக்ஸும் சார்லஸ் பெட்டிட்டும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். காக்ஸ் வாங்குவதைப் பார்த்தார், பெட்டிட் கணக்கைப் பார்த்தார், கிரீன் படையோடு இருந்தார். கமிசரி துறைக்கு டிரம்புலிடம் முன்பு பணியாற்றிய ஜெரமையா வாட்ஸ்வொர்த் ஏப்ரலில் வந்தார். அவருக்கும் கமிஷன், துணை அதிகாரிகளை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம்.

பலன் சில வாரங்களில் தெரிந்தது. பழைய வணிகர்கள் திரும்பினார்கள். தங்கள் சொந்தப் பெயரில் கடன் சொல்லிச் சரக்கு வாங்கினார்கள். தீனி அதிகாரி கிளெமென்ட் பிடிலின் ஆட்கள், படை நடக்கக்கூடிய வழிகளில் தானியத்தையும் வைக்கோலையும் முன்கூட்டியே சேர்த்தார்கள். நாம் கணக்குப் போட்ட தீனிக் கிடங்கு நிஜத்திலேயே உருவானது. 1778 ஜூன் 19 அன்று படை வேலி ஃபோர்ஜை விட்டுக் கிளம்பி நியூ ஜெர்சியின் குறுக்கே பிரிட்டிஷ் படையைத் துரத்தியது. ஒன்பதாம் நாள் மான்மத் போர். வழியெங்கும் பாலமும் தீனியும் தங்கும் இடமும் தயாராக இருந்தன. அதே நாடு, அதே விளைச்சல். மாறியது ஆட்களை அமர்த்திய விதம்.

கமிஷனும் காகிதமும்

ஆனால் கமிஷன் முறையின் அடியில் ஒரு குறை இருக்கிறது. ஒரு பீப்பாய் மாவு பத்து டாலர் என்றால் வாங்குபவரின் கமிஷன் பத்து காசு. அதே பீப்பாய் இருபது டாலர் என்றால் இருபது காசு. பேரம் பேசி விலையைக் குறைப்பவருக்கு வருமானம் குறைகிறது, ஏமாந்து வாங்குபவருக்குக் கூடுகிறது. இதை எந்தக் குடியானவரும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தார்கள். விலை ஏறுவதே இந்தக் கமிஷன்காரர்களால்தான் என்று பேச்சு கிளம்பியது.

உண்மையில் விலையை ஏற்றியது பேரவையின் அச்சகம். வரி போடும் அதிகாரம் பேரவைக்கு இல்லை. ஆகவே பணத்தை அச்சடித்துச் செலவுசெய்தது. 1780 மார்ச் 18 அன்று நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று பேரவையே ஒப்புக்கொண்டது. அத்தகைய காலத்தில் சம்பளம் வாங்குபவர் மாதாமாதம் ஏழையாவார். கமிஷன் வாங்குபவரின் வருமானம் விலையோடு சேர்ந்து மேலே போகும், அதைப் பார்க்கிறவர்களின் கண் சிவக்கும்.

சந்தேகம் முழுக்கப் பொய்யும் அல்ல. கிரீனும் வாட்ஸ்வொர்த்தும் 1779-ல் பார்னபஸ் டீன் என்பவரோடு சேர்ந்து ஒரு வணிக நிறுவனத்தில் ரகசியப் பங்குதாரர்களாக இருந்தார்கள். பதவியில் இருப்பவர் சொந்த வியாபாரம் செய்வது அக்கால வழக்கம்தான். மறைக்க வேண்டும் என்று தோன்றியதே, அது ஊருக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரிந்ததைக் காட்டுகிறது.

மாநிலங்கள் அனுப்பட்டும்

பணத்துக்கு மதிப்பில்லை என்றால் பொருளாகவே வாங்கலாமே? 1780 பிப்ரவரியில் பேரவை நான்காவது முறைக்கு மாறியது. ஒவ்வொரு மாநிலமும் இவ்வளவு இறைச்சி, இவ்வளவு மாவு, இவ்வளவு வைக்கோல் தர வேண்டும் என்று பங்கு போட்டுக் கொடுத்தது. கொள்முதல் அதிகாரியே தேவையில்லை, கமிஷன் இல்லை, ஊழல் இல்லை.

வண்டியும் இல்லை. மாநிலங்கள் தங்களுக்கு வசதியான இடத்தில் சரக்கைச் சேர்த்தன. படை இருந்ததோ வேறிடத்தில். நடுவே உள்ள தூரத்துக்குக் காசு ஒதுக்க யாரும் நினைக்கவில்லை. நமது 250 கிலோமீட்டர் கணக்கு மறுபடியும் வந்து நின்றது. மே 25 அன்று மாரிஸ்டவுன் முகாமில், சாப்பாடும் சம்பளமும் இல்லாத கனெக்டிகட் சிப்பாய்கள் துப்பாக்கியோடு அணிதிரண்டு கலகம் செய்தார்கள்.

ஜூலையில் பேரவை குவார்ட்டர்மாஸ்டர் துறையை வெட்டிச் சுருக்கியது. கமிஷன் போய்ச் சம்பளம் வந்தது. காக்ஸுக்கும் பெட்டிட்டுக்கும் இடமில்லை. கிரீன் கோபத்தோடு விலகினார். டிமத்தி பிக்கரிங் அந்தப் பதவிக்கு வந்தார்.

ஐந்தாவது முறை 1781-ல் நிதிப் பொறுப்பை ஏற்ற ராபர்ட் மாரிஸ் கொண்டுவந்தது. ஒரு சிப்பாயின் ஒரு நாள் படிக்கு இவ்வளவு என்று விலை பேசி ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிட்டார். செலவு குறைந்தது, துறையின் ஆட்கள் குறைந்தார்கள். ஒப்பந்தக்காரருக்கோ விலை நிலையானது, செலவைக் குறைத்தால் லாபம். ஆகவே வெஸ்ட் பாயின்டில் மட்டமான இறைச்சி வந்தது. 1782-ல் மாரிஸிடம் பணம் தீர்ந்ததும் ஒப்பந்தமே முறிந்தது.

ஆற்றை அளந்தவர்

பதவியை விட்ட கிரீன் 1780 டிசம்பரில் தெற்குப் படையின் தளபதியானார். போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த வேலைகளில் ஒன்று, டான், யாட்கின், கட்டாபா ஆறுகளின் ஆழத்தையும் துறைகளையும் ஆளனுப்பி அளந்தது. எட்வர்ட் கேரிங்டனைக் குவார்ட்டர்மாஸ்டராக்கிப் படகுகளைச் சேர்க்கச் சொன்னார். எதிரில் இருந்தவர் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்.

1781 ஜனவரியில், கிரீனின் படையை விரட்டிப் பிடிக்கும் அவசரத்தில், காரன்வாலிஸ் ராம்சூர்ஸ் மில் என்ற இடத்தில் தன் வண்டிகளையும் மூட்டைகளையும் தானே கொளுத்தினார். வேகம் கூடியது. பிப்ரவரி 14 அன்று கிரீனின் படை சேர்த்துவைத்த படகுகளில் டான் ஆற்றைக் கடந்தது. கரைக்கு வந்த காரன்வாலிஸிடம் படகும் இல்லை, உணவும் இல்லை. மார்ச்சில் கில்ஃபர்ட் கோர்ட்ஹவுஸில் அவர் வென்றார், ஆனால் தன் படையில் கால்வாசியை இழந்து கடற்கரைக்கு ஒதுங்கினார். அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் சரணடைந்தார்.

காவிரிக் கரையில் அதே தளபதி

காரன்வாலிஸை நமக்கும் தெரியும். 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தவர். கம்பெனி ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்தி, சொந்த வியாபாரத்தைத் தடைசெய்தார். ஏவுவோர்–செய்வோர் சிக்கலுக்கு அவருடைய பதில் அது.

1791-ல் திப்பு சுல்தானை எதிர்த்து வேலூர் வழியாக மேலேறி, மார்ச் 21 அன்று பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி நடந்தார். திப்புவின் குதிரைப்படை வழியில் தீனியை அழித்திருந்தது. மழை முந்திக்கொண்டது. மாடுகள் நோயிலும் பசியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பீரங்கிகளைச் சிப்பாய்களே இழுத்தார்கள். கோட்டை கண்ணெதிரே இருந்தும், பெரிய முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. போர்க்களத்தில் அவர் தோற்கவில்லை. பத்தாண்டுகளில் இரண்டாம் முறையாக, சுமக்க ஆளில்லாத சரக்கைத் தன் கையாலேயே அழித்தார்.

இந்த முறை பாடம் ஏறியது. ஆம்பூர்ப் பக்கம் இருந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட், லம்பாடிகளைப் படையோடு இணைத்தார். பொதி மாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றித் தக்காணம் முழுக்கத் திரிந்த வணிக இனம் அது. சொந்த முதலில் வாங்குவார்கள், முகாம் கடைத்தெருவில் விற்பார்கள். லாபமும் அவர்களுடையது, மாடு செத்தால் நட்டமும் அவர்களுடையது. மாட்டைப் பட்டினி போட அவர்களுக்குக் காரணமே இல்லை. 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றபோது தானியம் கூடவே போனது. மார்ச்சில் திப்பு உடன்படிக்கைக்கு வந்தார். அதில் கம்பெனிக்குக் கிடைத்த பாராமகாலுக்கு, அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கு, முதல் கலெக்டரானவர் அதே ரீட்.

எந்த முறை சரி?

சம்பளம் கொடுத்தால் ஊக்கம் குறையும். கமிஷன் கொடுத்தால் விலை ஏறும். பொருளாகக் கேட்டால் தூரம் தின்றுவிடும். ஒப்பந்தம் விட்டால் தரம் விழும். ஓட்டையில்லாத முறை அமெரிக்காவில் கிடைக்கவில்லை, வேறெங்கும் கிடைத்ததாகவும் தெரியவில்லை. ஆனால் ஐந்து முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று துலங்குகிறது. படை மிகவும் பசித்தது, யாரும் திருடிவிடக் கூடாது என்ற ஒரே கவலையில் துறையை வடிவமைத்தபோதும், தூரத்தை மறந்தபோதும்தான். அளவான கையாடலோடு ஓடிய துறை சோறு போட்டது. நேர்மையான பேரேட்டோடு நின்றுபோன துறை போடவில்லை. கண்காணிப்பு தேவை. அதைச் செய்ய ஆளும், அவருக்கு வாழத்தக்க கூலியும், கீழிருப்பவரை மாற்றும் அதிகாரமும் முதலில் தேவை.

இந்த மூன்றும் இல்லாத இடங்களில் யாரோ ஒரு தனி மனிதர்தான் தன் பெயரை அடகு வைத்தார். போரின் கடைசியில் தெற்குப் படைக்கு உணவும் உடையும் கிடைப்பதற்காக, ஜான் பேங்க்ஸ் என்ற ஒப்பந்தக்காரரின் கடன்களுக்குக் கிரீன் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பேங்க்ஸ் நொடித்துப்போனார். கடன்காரர்கள் கிரீனைச் சூழ்ந்தார்கள். 1786-ல், 43 வயதில், கடன் தீராமலே அவர் இறந்தார். அந்தக் கடன் அரசின் பொறுப்பு என்று அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்று அவர் மனைவிக்கு ஈடு தந்தது 1792-ல்.